வயிறு படகாக இருந்த விமானம்

கணவர் ராஜஸ்தானுக்கு மாற்றலாகிப் போன பிறகு வந்த இரண்டாவது கோடையில் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. சென்னையில் இருக்கும் ஒரு டப்பிங் ஸ்டுடியோவுக்கு நான் வீட்டிலிருந்தே எழுதித் தருகிறவள். வெளிநாட்டு ஆவணப்படங்களை அவர்கள் தமிழில் பேச வைப்பார்கள். படத்தில் வரும் குரல் தமிழில் என்ன சொல்ல வேண்டும், எத்தனை வேகத்தில் சொன்னால் காட்சிக்குள் அடங்கும் என்று பார்த்து எழுதுவது என் வேலை. அதுவரை முதலை, எரிமலை, தேனீ என்றுதான் வந்துகொண்டிருந்தன. இந்தத் தடவை ஸ்டுடியோ மேனேஜர் போனில், "மேடம், மிலிட்டரி ப்ளேன் ஒண்ணு. தண்ணியிலயும் எறங்கும், தரையிலயும் எறங்கும், ஐஸ்லயும் எறங்குமாம். அதோட ஹிஸ்டரி. ஒரு மணி நேரப் படம்" என்றார்.

நெய்வேலியில் அப்போது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எங்கள் பிளாக்கில் எங்கள் வரிசையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஓய்வு பெற்றவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொந்த ஊர் போய்விட, புதிதாக யாரும் குடிவரவில்லை. பூட்டிய வீட்டுத் தோட்டங்களில் பலா பழுத்து விழுந்து நாறும். மயில்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்று கத்தும். மைன்ஸில் வெடி வைக்கும்போது ஜன்னல் கண்ணாடி ஒரு முறை அதிர்ந்து அடங்கும். அதைத் தவிர பகலில் சத்தமே கிடையாது.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. கணவர் மெக்கானிக்கல் பிரிவில் ஃபோர்மேன். ராஜஸ்தான் சுரங்கத்தில் குடும்பத்தோடு தங்க வீடு காலியாக இல்லை, ஆண்களுக்கான விடுதிதான் என்றார்கள். அதனால் குவார்ட்டர்ஸை விடாமல் நான் இங்கேயே இருந்தேன். காலையிலும் மாலையிலும் போன் பேசுவோம். "சாப்ட்டியா?" என்பார். "ஆச்சு, நீங்க?" என்பேன். "இங்க என்ன இருக்கு, ரொட்டிதான்" என்பார். பிறகு இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் உடனே வைக்க மனம் வராமல் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்போம். "சரி, வைக்கேன்" என்று அவர்தான் முதலில் சொல்வார்.

படத்தை முதல் தடவை எழுதாமல் பார்ப்பது என் வழக்கம். ஹாலில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பை மடியில் வைத்துப் பார்த்தேன். பார்த்து முடித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

போரில் பிறந்த விமானங்களின் வம்சம் அது. கடலுக்குள் விழுந்த விமானிகளைத் தூக்கி வர, நீரிலேயே இறங்கும் விமானம் ஒன்று வேண்டியிருந்தது. அப்படிச் செய்த சின்ன விமானங்கள் போர் முடிவதற்குள் எத்தனையோ பேரை அலைக்கு நடுவிலிருந்து அள்ளி வந்தன. போர் முடிந்தபின் அதையே இன்னும் பெரிதாகச் செய்தார்கள். இரண்டு எஞ்சின். உடம்பின் அடிப்பாகம் அப்படியே படகு. இறக்கைகளுக்குக் கீழே பக்கத்துக்கு ஒரு மிதவை. சக்கரங்கள் வேண்டும்போது விலாவிலிருந்து இறங்கும், வேண்டாதபோது மடங்கி உள்ளே போய்விடும். ராணுவத்தின் விமானம்தான், ஆனால் பெரும்பாலும் அதற்குக் கொடுத்த வேலை சுடுவது அல்ல, போய்க் கூட்டி வருவது.

பிறகு துருவப் பகுதிகளில் முகாம்கள் வந்தன. வடக்கே உறைந்த கடலிலும், தெற்கே அண்டார்டிகாவிலும். அங்கே நோயில் விழுந்தவனையும் வழிதவறியவனையும் எப்படிக் கொண்டுவருவது? தண்ணீரும் இல்லாமல் தரையும் இல்லாமல் இருக்கும் இடம் அது. அதற்காக விமானத்தின் வயிற்றில் நீளமாக ஒரு பனிச்சறுக்குக் கட்டையைப் பொருத்தினார்கள், மிதவைகளுக்குக் கீழேயும் சின்னதாக ஒவ்வொன்று. இப்போது அது மூன்று இடத்திலும் இறங்கும். ஆனால் இறங்குவது சுலபம், எழும்புவதுதான் பாடு. ஓடும்போது தெறிக்கும் கடல்நீர் இறக்கையிலேயே உறைந்து பாரமாகும். சக்கரக் குழிக்குள் பனி இறுகிவிடும். காற்றே இல்லாமல் கடல் கண்ணாடி மாதிரி கிடந்தால் நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடாது. விமானி வட்டமாக ஓட்டி, தானே அலையை உண்டாக்கி, அந்த அலையில் ஏறித்தான் கிளம்ப வேண்டும். சில நேரம் விலாவில் ராக்கெட்டுகளைக் கட்டி, அவற்றைக் கொளுத்தி எழும்பினார்கள்.

என் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை. வள்ளத்தின் அடியில் ஓடும் நீண்ட கட்டையை அங்கே ஏரா என்பார்கள். விமானத்தின் வயிற்றில் அந்தக் கட்டையைப் பார்த்ததும் அந்தச் சொல்தான் எனக்கு வந்தது. ஸ்டுடியோவில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று தெரிந்தும் அதையே எழுதினேன். அதைவிடப் பெரிய தொல்லை பனி. ஆங்கிலத்தில் கட்டியாக இருப்பதற்கு ஒன்று, பூவாகக் கொட்டுவதற்கு ஒன்று, புகையாக மூடுவதற்கு ஒன்று, புல்லில் முத்தாக நிற்பதற்கு ஒன்று என்று தனித்தனிச் சொற்கள். நமக்கு எல்லாமே பனி. "பனியின் மேல் பனி விழுந்துகொண்டிருக்கும்போதே பனி மூடிவிட்டது" என்று எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது.

எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். நேரம் அளப்பதற்காக. பல நாள் அதுதான் நான் பேசும் முதல் பேச்சாக இருக்கும். தொண்டை திறக்காது. இரண்டு முறை செருமிக்கொண்டு ஆரம்பிப்பேன். அப்படி ஒரு நாள் காலை வாசல் பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, வெளியே துடைப்பச் சத்தம் நின்றது.

"யாருகிட்டங்க பேசிக்கினு இருக்கீங்க?"

எங்கள் வரிசையைப் பெருக்க வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி அவர். என் வயதுதான் இருக்கும். பச்சைக் கோட்டு, தலையில் துண்டு. காடாம்புலியூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர். பல மாதமாகப் பார்த்திருக்கிறேன்; தண்ணீர் கேட்பார், கொடுப்பேன், அவ்வளவுதான்.

"யாருகிட்டயும் இல்லக்கா. எழுதினதப் படிச்சுப் பாக்கேன்."

"நான் உள்ள ஆளு இருக்குன்னு நெனச்சிக்கினேன். ஏதோ ஆளுங்க மாட்டிக்கினாங்கன்னு சொன்னீங்களே, எங்க மாட்டிக்கினாங்க?"

"பனியில."

"பனியிலயா? மார்கழில பெய்யுமே, அதுலயா?"

நான் எழுந்து போய் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளையாக, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் ஒன்றுமே இல்லாத இடம். அதன் நடுவில் கறுப்பாக ஒரு தண்ணீர்க் கோடு. அந்தக் கோட்டில் விமானம் இறங்குகிறது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா, உப்பளம் மாதிரி இல்ல கெடக்குது" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வரிசையை முடித்துவிட்டு டீ குடிக்கும் நேரத்தில் வந்து படியில் உட்கார்ந்துவிடுவார். முன் தினம் எழுதியதைப் படித்துக் காட்டுவேன். நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. எஞ்சினைப் பற்றிய பகுதிகளில் கொட்டாவி விடுவார். "அது கெடக்கட்டும்க்கா, ஆளுங்களச் சொல்லுங்க" என்பார். ஏரா என்ற சொல் அவருக்குப் புரியவில்லை. மூடுபனியைப் பனி என்றே விட்டிருந்த இடத்தில், "இப்ப இது எந்தப் பனி?" என்று கேட்டார். அதனால் மிதக்கும் கட்டியைப் பனிப்பாளம் என்றும், மறைப்பதை மூடுபனி என்றும் கடைசிவரை பிரித்தே வைத்துக்கொண்டேன்.

படத்தின் நடுவில்தான் அந்த மனிதர் வருகிறார். விமானத்தில் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது மிகவும் வயதாகி, ஏதோ ஒரு சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறார். ஒரு பனிப்பாளத்தின் மேல் கூடாரம் போட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. பாளமும் விரிசல் விட ஆரம்பித்தது. விமானம் போய்ப் பக்கத்துத் தண்ணீர்க் கோட்டில் இறங்கிற்று. எல்லோரையும் ஏற்றியாயிற்று. ஆனால் கோட்டின் நீளம் போதவில்லை, இறக்கையில் பனி ஏறிவிட்டது, எத்தனை ஓடியும் விமானம் எழும்பவில்லை. சாமான்களை வீசினார்கள். அப்படியும் எழும்பவில்லை. ஒரு ஆள் இறங்கினால் எழும்பும் என்றார் விமானி. மெக்கானிக் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். நாளைக்கு வந்து கூட்டிப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று மாலையே மூடுபனி இறங்கியது. பாளமோ நீரோட்டத்தில் நகர்ந்துகொண்டே இருந்தது. மறுநாள் அவர்கள் வந்து தேடியபோது, விட்டுப்போன இடத்தில் பாளம் இல்லை.

இதுவரை படித்துவிட்டு நிறுத்தினேன்.

"அப்பறம்?" என்றார் அக்கா.

"இன்னும் எழுதல. நாளைக்குப் படிக்கேன்."

"வுட்டுட்டுப் பூட்டானுங்களா? அந்த ஆளு தனியாவா இருந்தான்?"

"ஆமா. கூடாரம் இருக்கு, தின்ன இருக்கு. ஆளுதான் இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே, "நல்லாத் தூங்கியிருப்பான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "என்னக்கா இப்படிச் சொல்றீங்க? சுத்தி ஒரு உயிர் கிடையாது. எப்ப ஒடையுமோன்னு காலுக்குக் கீழ பனி."

"தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வூட்ல வந்து பாருங்க, தெரியும். மாமியாரு, மாமனாரு, கொழுந்தன் குடும்பம், எம் புள்ளைங்க, ஆடு வேற. படுத்தா ஒருத்தி காலு என் மேல கெடக்கும். கலியாணம் கட்டிக்கினு வந்ததுலேருந்து நான் ஒரு வூட்ல தனியாப் படுத்தது கெடயாது. உங்க வூட்டத் தாண்டிப் போவும்போதெல்லாம் நெனச்சிக்குவேன், ஒரு நாளு இந்த ஃபேன் அடியில தனியாப் படுக்கணும்னு."

அவர் சொன்ன விதத்தில் கேலி இல்லை. என் வீட்டைப் பார்த்து யாராவது பொறாமைப்படக்கூடும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

"இன்னிக்கு வேலை முடிஞ்சதும் வாங்க. படுங்க" என்றேன்.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் வந்தார். குழாயடியில் கை கால் கழுவி, முகம் துடைத்து, தரையில் பாய் விரிக்கச் சொன்னார். கட்டிலில் படுங்கள் என்றதற்கு, "வேணாம்க்கா, தரைதான் சில்லுனு இருக்கும்" என்று மறுத்துவிட்டார். நான் பக்கத்து அறைக்குப் போய், கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். தனியாகப் படுக்க வந்தவர் அல்லவா, பார்வையில் இருக்கக்கூடாது என்று.

ஆனால் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் மெல்லிசாக, பிறகு லேசான குறட்டையாக. நான் ஒரு வரியும் எழுதவில்லை. வீட்டுக்குள் இன்னொரு ஆள் தூங்கும் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது! வெடி வைத்து ஜன்னல் அதிர்ந்தபோதுகூட அவர் புரளவில்லை. சாயங்காலம் எழுந்து, பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தி, தலையை அள்ளி முடிந்துகொண்டு, "செத்தேன் போங்க, அப்படி ஒரு தூக்கம்" என்றார். காப்பி கொடுத்தேன். அன்று அவர் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போனார். "வூட்ல ஓவர் டைம்னு சொல்லிக்குறேன்" என்று சிரித்தார்.

மறுநாள் மெக்கானிக் சொல்லும் பகுதியை எழுதினேன். தனியாக விடப்பட்ட முதல் நாள் அவர் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. துருவத்துக் கோடையில் இருட்டே கிடையாது. காதுக்குள் அந்த எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது என்கிறார். கேட்கும், வெளியே ஓடி வருவார், ஒன்றும் இருக்காது. மறுபடி கேட்கும், ஓடி வருவார். குரல் மறந்துவிடக் கூடாது என்று எஞ்சின் பாகங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாராம். இதைப் படித்துக் காட்டியபோது அக்காவின் முகம் மாறிப்போயிற்று.

"அய்யோ பாவம். நான் பாட்டுக்குத் தூங்கினான்னு சொல்லிட்டனே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொழச்சானா? அத மட்டும் சொல்லுங்க."

"சமையலறையில உக்காந்து பேசறாரே, அப்ப பொழச்சுதானே இருக்கணும்."

"அதான் எப்படின்னு கேக்குறேன்."

"நாளைக்கு."

மறுநாள் அவர் வரவில்லை. வேறு ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "ஆள மாத்திட்டாங்க மேடம், எங்களுக்கென்ன தெரியும்" என்றாள். எந்த பிளாக்குக்கு மாற்றினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்காவின் போன் நம்பரை நான் வாங்கி வைத்திருக்கவில்லை. தினம் வருகிறவர்தானே என்று இருந்துவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் ஸ்டுடியோ மேனேஜரோடு தகராறு. மெக்கானிக்கின் பேச்சில் ஒரு இடம். விமானம் எப்படியோ அவரைக் கண்டுபிடித்துவிடுகிறது. மூடுபனி விலகிய ஒரு காலை, பாளத்துக்கு மேலேயே வந்து சுற்றுகிறது. "சத்தம் கேட்டது. நான் வெளியே போகவில்லை. அதற்குள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இதுவும் அப்படித்தான் என்று கூடாரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்" என்கிறார். அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கேமராவும் நகராமல் அவரையே பார்க்கிறது. அந்த அமைதி நீளமானது. பிறகு, "கூடாரத்தின் துணியை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள்" என்கிறார்.

அந்த இடத்தை நான் வெறுமனே விட்டிருந்தேன்.

"மேடம், இங்க டயலாக் ஒண்ணும் இல்லையே?" என்றார் மேனேஜர்.

"அவர் பேசலயே சார்."

"அவர் பேசலன்னா என்ன, நரேஷன் போடுங்க. 'தனிமையின் கொடுமை அவரை வாட்டியது', அந்த மாதிரி."

"அதான் முகத்துலயே தெரியுதே. மேல குரல் வந்தா யாரும் அவரப் பாக்கமாட்டாங்க."

"டி.வி.ல சத்தம் நின்னா ஜனங்க சேனல மாத்திருவாங்க மேடம். நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

இதுவரை எந்த வேலையிலும் நான் எதிர்த்துப் பேசியதில்லை. ஏராவைக் கட்டை என்று மாற்றச் சொன்னபோது சரி என்றுதான் சொன்னேன். இதற்கு மட்டும், "சார், அந்த எடத்துல எழுத எங்கிட்ட ஒண்ணும் இல்ல. வேணும்னா வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க" என்றேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது. அவர், "பாதியா வெட்டிக்கிறேன். மீதி சும்மா ஓடட்டும். கம்ப்ளெயின்ட் வந்தா உங்க பேரச் சொல்லுவேன்" என்று வைத்துவிட்டார்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கணவரிடம் சொன்னேன். "எதுக்கு அவங்ககூட மல்லுக்கட்டுத? அடுத்த வேல தராமப் போயிரப் போறான்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காடாம்புலியூர் போனேன். வீடு தெரியாது. நெய்வேலி டவுன்ஷிப்பில் பெருக்கப் போகிறவர் என்று சொல்லி விசாரித்தேன். அப்படிப் பலர் போகிறார்கள். வீட்டில் ஆட்கள் அதிகம், ஆடு உண்டு என்றேன், கடைக்காரர் சிரித்துவிட்டார். அலைந்து அலைந்து கடைசியில் ஒரு முந்திரித் தோப்பைக் காட்டினார்கள். மரத்தடியில் சாக்கைக் கட்டிக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பழவாடை மூக்கில் ஏறியது. அக்கா என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்களா! என்னாக்கா, இம்மாந்தூரம்? எதுனா காணாமப் போச்சா?"

அந்தக் கேள்வி எனக்கு ஒரு கணம் வலித்தது. வீட்டுக்குள் வந்து போனவரைத் தேடி ஒருத்தி வந்தால் அதற்கு அவருக்குத் தோன்றும் காரணம் அதுதான்.

"ஒண்ணும் காணாமப் போகல. நீங்கதான் வரல. மீதிக் கதையைச் சொல்ல வந்தேன்."

நம்பாமல் பார்த்தார். பிறகு தோப்பு முழுக்கக் கேட்கும்படி, "ஏ, இங்க வாங்கடி, ஐஸ்ல மாட்டிக்கினவன் கதய சொல்ல வந்துகிறாங்க" என்று கூவினார். அவர் ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. மாமியார், கொழுந்தன் மனைவி, பிள்ளைகள் என்று சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். விமானம் தேடியதை, பாளம் நகர்ந்ததை, மெக்கானிக் எஞ்சின் பாகங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். சத்தம் கேட்டும் வெளியே வராமல் இருந்துவிட்டார் என்றேன்.

"ஏன் வரல?" என்றார் மாமியார்.

"நம்பலை. அதுக்கு முன்னாடி நெறய தடவ ஏமாந்துட்டார்."

"அப்பறம் எப்பிடிப் பாத்தாங்க?"

"ஒருத்தர் எறங்கி வந்து கூடாரத்தத் தட்டினார்."

அக்கா முந்திரிப் பழம் ஒன்றைக் கையில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். "தட்டினானே, அது போதும்" என்றார். கொழுந்தன் மனைவி, அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டாள். அது படத்தில் வரவில்லை என்றேன். அவளுக்கு ஏமாற்றம். அத்தோடு கதை முடிந்து, எல்லோரும் கொட்டை பொறுக்கப் போய்விட்டார்கள். டவுன்ஷிப்பில் பள்ளிக்கூடங்கள் இருக்கும் பக்கம் அக்காவை மாற்றியிருக்கிறார்களாம். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் வெகு தூரம். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். ஸ்கூட்டியின் முன்பக்கம் ஒரு பலாப்பழத்தைக் கட்டி அனுப்பினார்கள். தனி ஆளுக்கு அவ்வளவு பெரிய பழம் எதற்கு என்று சொன்னால் புரியாது என்று வாங்கிக்கொண்டேன்.

படம் சில மாதம் கழித்து ஒரு பகலில் ஒளிபரப்பானது. நான் ஹாலில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். குரல் கொடுத்தவர் கம்பீரமான குரல்காரர். விமானத்தின் கடைசிக் காலத்தைச் சொல்லும்போது அவர் குரல்கூட இறங்கிவிட்டது. ஹெலிகாப்டர்கள் வந்தன, ஓடவே தேவையில்லாமல் நின்ற இடத்தில் இறங்கி நின்ற இடத்தில் ஏறின. படகு வயிற்று விமானங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கினார்கள். சிலவற்றை விற்றார்கள். சிலவற்றை ஒரு பாலைவனத்தில், துருப்பிடிக்காத வறண்ட காற்றில், வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். மணலில் நிற்கும் அவற்றின் வயிறுகளைக் கீழிருந்து காட்டுவதோடு படம் முடிகிறது.

முடிந்த கொஞ்ச நேரத்தில் கணவர் கூப்பிட்டார். விடுதியில் போனிலேயே பார்த்தாராம். கூட இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்களாம்.

"நல்லா இருந்துச்சு பாத்துக்கோ" என்றார். "எஞ்சினப் பத்தி எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க."

"வேற?"

"ஒரு எடத்துல அந்தக் கெழவர் பேசாம இருந்தார்லா, அப்ப போன் நின்னுட்டுன்னு நெனச்சுட்டேன். தட்டித் தட்டிப் பாக்கேன். அப்பறம் பாத்தா அவரு கை மட்டும் ஆடுது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "அதுக்குத்தான் மல்லுக்கட்டினேன்" என்றேன்.

"அப்படியா" என்றார். வழக்கம்போல இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். இந்தத் தடவை அவர் "வைக்கேன்" என்று சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, "நீ ஒரு தடவ இங்க வந்துட்டுப் போயேன்" என்றார். "விடுதியில பொம்பளைங்க தங்கக்கூடாதுன்னீங்களே?" என்று கேட்டேன். பக்கத்து ஊரில் மாடி ஒன்று வாடகைக்குப் பார்க்கிறேன் என்றார். அதை முன்பே செய்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

குளிர் தொடங்கும் முன் போனேன். ரயில் மாறி மாறி, கடைசியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினேன். பிளாட்பாரத்தின் மறுகோடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். மெலிந்திருந்தார், தாடி நரைத்திருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு, "வழியில சாப்ட்டியா?" என்றார். ஜீப்பில் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. இரண்டு பக்கமும் மணலும் முள்ளும்தான். மாடி வீட்டில் அவர் வாங்கி வைத்திருந்த புது ஸ்டவ், ஒரு குக்கர், இரண்டு தட்டு. ரசம் வைத்தேன். முதல் நாள் அவர் சாப்பிடும்போது நிமிரவே இல்லை. அடுத்தடுத்த நாட்களில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பெரும்பாலும் சுரங்கத்தைப் பற்றி, அங்கே ஓடும் கன்வேயர் பெல்ட்டைப் பற்றி. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சில நாள் அவர் ஷிஃப்ட்டுக்குப் போனபின் அங்கேயும் நான் தனிதான். நெய்வேலியில் மயிலாவது கத்தும்.

ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினேன். அவருக்கு அங்கே இன்னும் ஓர் ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள். ஸ்டுடியோவிலிருந்து வேலை நிற்கவில்லை. இப்போது கடல்குதிரைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். காடாம்புலியூர் அக்காவுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். ஒரு தடவை அவர் மகள் எடுத்து, அம்மா வேலைக்குப் போயிருக்கிறார் என்றாள். இன்னொரு தடவை அவரே எடுத்தார். பஸ்ஸில் இருந்தார், கூட்டம், ஒன்றும் காதில் விழவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று சொன்னார் என்று நினைக்கிறேன்.